அமலுக்கு வரும் தேதி

ரென்ஸ் கிரீக்
8 ஜனவரி 1948

அன்புள்ள தம்பி கார்பெட்டுக்கு,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்பெனிக் கடையில் ரேடியோவைச் சுற்றி நாற்பது பேராவது நின்றிருப்போம். உன்னைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று செய்தி சொன்னதும் கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு, "நம்ம லைக்கின்ஸ் வீட்டுப் பையன்" என்றார். சுரங்கத்துக்காரன் மகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது இந்த மாநிலத்தில் இதுதான் முதல் தடவை என்று போதகர் ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறாராம்.

உன் மச்சான் ஷிப்ட் முடிந்து வந்ததும் வாசலிலேயே சொன்னேன். ஹெர்ஷல் குளிக்காமல், கரி முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். "இவனுக்கு ஓட்டுக் கேட்டு அலைஞ்சதுல ரெண்டு ஜோடி பூட்ஸு தேஞ்சுது. சபாநாயகர் அதுக்கு ஒரு பதில் சொல்லட்டும்" என்றார். பத்து வருஷத்துக்கு முன்னால் உன் முதல் தேர்தலில் அவர் ஏறாத மேடு கிடையாது. ஞாபகம் இருக்கும்.

இப்போது அவர் ஒன்று கேட்கிறார். பூட்ஸு இல்லை. அவர் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். மற்றவர்கள் உள்ளே இறங்கும் முன் விளக்கை எடுத்துக்கொண்டு போய் எங்கே வாயு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதுகிறார். எழுதலாம், அவ்வளவுதான். வேலையை நிறுத்தச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. மேஸ்திரி புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்களை உள்ளே அனுப்பிவிடுவார். வாயு பார்ப்பவன் நிறுத்து என்றால் சுரங்கம் நிற்க வேண்டும், ஒவ்வொரு சுரங்கத்துக்குள்ளும் காற்றைத் தள்ள இரண்டாவதாக ஒரு காற்றாடி இருக்க வேண்டும், இப்படி ஒரு சட்டம் வேண்டுமாம். நான்கு தாளில் எழுதியிருக்கிறார். எழுத்துப்பிழைகளை நான் திருத்தவில்லை, திருத்த விடவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
லோவினா

*

சட்டமன்ற மாளிகை, தலைநகர்
2 பிப்ரவரி 1948

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். வாழ்த்துத் தந்திகள் ஒரு கூடை வந்தன. அவற்றில் ஒன்றிலும் பூட்ஸைப் பற்றி யாரும் எழுதவில்லை.

இந்த நாற்காலி நான் நினைத்ததுபோல் இல்லை. மேடையிலிருந்து பார்த்தால் நூறு தலைகள். ஒருவர் எழுந்து நின்றாலும் நான் அவரைப் பார்த்தால்தான் பேசலாம். நான் பார்க்காவிட்டால் அவர் எழவே இல்லை என்று கணக்கு. எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும் என்பதும் என் கையில். சில குழுக்களுக்குள் போன காகிதம் திரும்பி வருவதே இல்லை. மூன்று வாரத்தில் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். எவன் மனைவிக்கு உடம்பு சரியில்லை, எவன் ஊரில் பாலம் விழுந்து கிடக்கிறது, எவன் எவனோடு பேசுவதில்லை, இதெல்லாம் தெரிந்தால் போதும், சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

மச்சானின் தாள்களைப் படித்தேன். நியாயமானவை. ஆனால் இந்த வருடம் வேண்டாம் என்று அவரிடம் சொல். கரி மாவட்டங்களிலிருந்து வந்த ஒன்பது உறுப்பினர்கள்தான் என்னை இங்கே உட்காரவைத்தார்கள். ஒன்பது பேரும் சுரங்க முதலாளிகளின் ஆட்கள். வந்த முதல் மாதமே அவர்கள் முகத்தில் அடித்தால் அடுத்த மாதம் நான் இங்கே இருக்கமாட்டேன். முதலில் வேர் பிடிக்கட்டும். ரென்ஸ் கிரீக் சாலைக்குத் தார் போட இந்த வருடமே ஏற்பாடு செய்கிறேன்.

உன் தம்பி
கார்பெட்

*

ரென்ஸ் கிரீக்
7 மார்ச் 1954

கார்பெட்டுக்கு,

மூன்றாம் நம்பர் சுரங்கத்தில் போன மாதம் வாயுவில் தீப்பிடித்து இரண்டு பேர் இறந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பாய். இரங்கல் கடிதம் இரண்டு வீட்டுக்கும் வந்தது. தட்டச்சு செய்தது. உன் கையெழுத்துக்குக் கீழே அதை அடித்த பெண்ணின் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் இருந்தன. இறந்தவர்களில் ஒருவன் எல்பர்ட் க்ரம். பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்துப் பெஞ்சுக்காரன்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சட்டமன்றம் கூடுகிறது. ஹெர்ஷல் ஒவ்வொரு தடவையும் அந்த நான்கு தாளைப் புதிதாகப் பிரதி எடுத்து அனுப்புகிறார். ஒவ்வொரு தடவையும் நீ குழுவுக்கு அனுப்புகிறாய். திரும்பி வராத குழு என்று நீயே எழுதினாயே, அந்தக் குழுதானா?

எங்களுக்குச் சாலை போட்டாய். ஆஸ்பத்திரி கட்டினாய். பள்ளிக்கூடத்துக்கு வெந்நீர்க் குழாய் வந்தது. நான் மறுக்கவில்லை. எல்பர்ட்டின் பெட்டி குலுங்காமல் போனது அந்தச் சாலையில்தான்.

ஹெர்ஷல் உன்மேல் கோபப்படமாட்டேன் என்கிறார். "அவன் அங்க தனியா நின்னு என்னத்த புடுங்கிட முடியும், சமயம் பாத்துச் செய்வான்" என்கிறார். அவர் நல்ல மனுஷர். அவருக்குச் சேர்த்து நான் கோபப்படுகிறேன்.

லோவினா

*

சட்டமன்ற மாளிகை, தலைநகர்
19 ஏப்ரல் 1954

அக்கா,

இதை நானே கையால் எழுதுகிறேன். எல்பர்ட்டின் வீட்டுக்கும் கையால் எழுதியிருக்க வேண்டும். அது என் தவறு.

மற்றதைப் பற்றிச் சொல்கிறேன். தோற்கப்போகும் மசோதாவை வாக்கெடுப்புக்கு விட்டால் நல்ல மனிதன் என்று பெயர் வரும், சட்டம் வராது. ஒருமுறை தோற்ற மசோதாவைப் பத்து வருடம் எவனும் தொடமாட்டான். எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் உருக்கமாகப் பேசுவார், பாதி சபை அழும், பிறகு எதிர்த்து ஓட்டுப் போடும். நான் பேசுவதில்லை. எண்ணுகிறேன். ஐம்பத்தொன்று வந்தால்தான் கதவைத் திறப்பேன். இப்போது முப்பத்தெட்டு இருக்கிறது.

நீ எழுதிய விதம் எனக்கு வலித்தது. ரென்ஸ் கிரீக்கை நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைத்தால், தேர்தலில் எனக்கு எதிராக யாரையாவது நிறுத்து. மச்சானையே நிறுத்து. எதிர்க்கமாட்டேன்.

கார்பெட்

*

ரென்ஸ் கிரீக்
20 மார்ச் 1960

அன்புள்ள தம்பிக்கு,

நமக்குள் கடிதப் போக்குவரத்து நின்று நாளாகிவிட்டது. கிறிஸ்துமஸ் அட்டைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியாது.

சட்டம் நிறைவேறிவிட்டது என்று பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது. அறுபத்து மூன்றுக்கு முப்பத்தைந்து. ஹெர்ஷல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் சத்தமாகப் படித்தார். "வாயு சோதிப்பவரின் சொல்லே இறுதியானது" என்ற வரியில் நிறுத்திக்கொண்டு, "இது நான் எழுதுன வரி. அப்படியே இருக்கு பாரு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

நான் உன்னைக் கடுமையாகப் பேசியிருக்கிறேன். அதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ எண்ணிக்கொண்டிருந்தாய், நான் அதைப் புரிந்துகொள்ளவில்லை.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். சட்டம் அமலுக்கு வருவது 1962 ஜூலை முதல் தேதி என்று போட்டிருக்கிறதே. இரண்டு வருஷத்துக்கு மேல் எதற்கு? ஹெர்ஷல், காற்றாடி வாங்க நேரம் வேண்டுமல்லவா, என்று உனக்காகச் சமாதானம் சொல்கிறார்.

நம் ஆப்பிள் அடுக்குக் கேக் ஒன்று தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நாள் வைத்திருந்து சாப்பிடு, அப்போதுதான் ஊறும்.

அக்கா

*

சட்டமன்ற மாளிகை, தலைநகர்
28 மார்ச் 1960

அன்புள்ள அக்காவுக்கு,

கேக் உடையாமல் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் காத்திருக்கவில்லை.

மச்சானிடம் சொல், அந்த வரியில் கைவைக்க நான்கு பேர் முயன்றார்கள், விடவில்லை. இருபத்திரண்டு வருடமாக இங்கே நான் நிறைவேற்றியதில் என் கல்லறையில் எழுதத் தகுந்தது இது ஒன்றுதான்.

தேதியைப் பற்றிக் கேட்டாய். கரி மாவட்டத்துக்காரர்கள் கேட்டார்கள், கொடுக்க வேண்டியதாயிற்று. சட்டம் என்றால் இப்படித்தான், எதையாவது கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு வருடம் ஓடிவிடும்.

உன் தம்பி
கார்பெட்

*

ரென்ஸ் கிரீக்
12 நவம்பர் 1961

கார்பெட்,

தொலைபேசியில் நாம் பேச முடியாமல் போனது லைன் கோளாறால் அல்ல. நான்தான் வைத்துவிட்டேன்.

நடந்ததை நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். வியாழக்கிழமை காலை ஏழு இருபதுக்கு மூன்றாம் நம்பர் வெடித்தது. வீட்டு அடுப்பின் மூடி தூக்கிப் போட்டது. நாங்கள் எல்லோரும் வாயில்பக்கம் போய் நின்றோம். சனிக்கிழமை மத்தியானம்தான் எல்லோரையும் வெளியே கொண்டுவந்தார்கள். பதினேழு பேர். ஹெர்ஷல் பதிமூன்றாவதாக வந்தார். அவர் முகம் நன்றாகவே இருந்தது.

அவர் புத்தகத்தைப் பார்த்தேன். மீட்புக் குழுவில் இருந்த ஒருவர் காட்டினார். திங்கள் வாயு. புதன் வாயு. வியாழன் காலை ஐந்து மணிக்கு, "வாயு அதிகம், ஆட்களை இறக்க வேண்டாம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். கீழே மேஸ்திரியின் கையெழுத்து. அப்புறம் ஆட்கள் இறங்கியதும் இவரும் கூடவே போயிருக்கிறார். அவர் வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்கு வந்திருக்கலாம். உள்ளே போவதைப் பார்த்த பையனிடம், "பசங்க இருக்காங்க, இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்றாராம்.

செவ்வாய்க்கிழமை அவர் உனக்கு ஓட்டுப் போட்டார்.

அடக்கம் செவ்வாய் காலை, பதினேழு பேருக்கும் சேர்த்து. வருவதானால் அரசாங்கக் காரில் வராதே. பேசாதே. மற்றவர்களோடு நில்.

லோவினா

*

ரென்ஸ் கிரீக்
3 டிசம்பர் 1961

மாண்புமிகு சபாநாயகர் அவர்களுக்கு,

நீங்கள் அடக்கத்துக்கு வந்து, சொன்னபடி மற்றவர்களோடு நின்றதற்கு நன்றி.

போன புதன்கிழமை ஆமோஸ் பென்னிங்டன் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். பக்கத்து மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர். கம்பெனிக்காரர்களின் ஆள் என்று நான் எப்போதும் கேள்விப்பட்டவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. நான் அவரிடம் வெளிப்படையாகவே சொன்னேன், நீங்கள் இரண்டு வருஷம் கேட்டு வாங்காமல் இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் அன்றைக்கு நிறுத்து என்று சொல்லியிருப்பார், சுரங்கம் நின்றிருக்கும் என்று.

அவர் தொப்பியை மேசைமேல் வைத்தார். பிறகு, "நாங்க ஆறு மாசம்தாம்மா கேட்டோம். காத்தாடி வாங்க அவ்வளவுதான் ஆகும். ரெண்டு வருஷம்னு சொன்னது உங்க தம்பி" என்றார்.

இது பொய்யென்றால் ஒரு வரி எழுதினால் போதும். நம்புகிறேன்.

லோவினா ராட்லிஃப்

*

தலைநகர்
17 டிசம்பர் 1961

அக்கா,

பொய்யில்லை.

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். முதலில் எழுதியவற்றில் காரணங்கள் நிறைய இருந்தன. அவற்றைக் கிழித்துவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

1960 மார்ச் மாதம் மசோதாவுக்கு என்னிடம் ஐம்பத்து நான்கு ஓட்டு இருந்தது. அந்த ஒன்பது பேர் இல்லாமலேயே. ஆறு மாதம்கூடக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. கொடுத்தால் மரியாதை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கிளைட் ஹேகன் என்ற இளம் உறுப்பினர் என் நாற்காலிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். அடுத்த சபாநாயகர் தேர்தல் 1962 ஜனவரியில். என் கணக்கில் எனக்கு ஏழு ஓட்டுக் குறைந்தது. இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் தப்பியதில்லை. ஆகவே ஆமோஸை என் அறைக்கு அழைத்தேன். அவன் வந்ததும், "ஆறு மாசம் போதும் கார்பெட், நாங்க பெருசா சண்டை போடமாட்டோம்" என்றான்.

"ரெண்டு வருஷம் எடுத்துக்கோங்க" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டான்.

ஒன்பது பேரும் எனக்கே ஓட்டுப் போட வேண்டும் என்றேன். தேதியை 1962 ஜூலை என்று வைத்ததும் அதற்காகத்தான். ஜனவரித் தேர்தல் முடியும்வரை அவர்களுக்கு என் தயவு தேவைப்பட வேண்டும். அதற்குமுன் சட்டம் அமலுக்கு வந்துவிட்டால் அவர்கள் வாக்கு மாறிவிடலாம். அவ்வளவு துல்லியமாக யோசித்தேன். ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிட்டு இருவரும் சாப்பிடப் போனோம்.

சுரங்கத்தைப் பற்றி அப்போது நினைத்தேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். நினைத்தேன். நாற்பது வருடமாகச் சமாளித்தவர்கள் இன்னும் இரண்டு வருடம் சமாளிப்பார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் கேட்டார்கள், கொடுத்தேன் என்று உனக்கு எழுதியபோது ஒரு வார்த்தையைக்கூட நான் அடித்துத் திருத்தவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

கார்பெட்

*

சட்டமன்ற மாளிகை, தலைநகர்
4 ஜனவரி 1962

அக்கா,

நீ பதில் எழுதவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் இதை நீ பத்திரிகையில் படிக்கும் முன் நான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சட்டமன்றம் கூடியது. என்னை எட்டாம் முறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பது பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். மறுக்கலாம் என்று முந்தின நாள்வரை நினைத்திருந்தேன். நான் விலகினால் ஹேகன் வருவான், அவன் அந்தச் சட்டத்தையே கிழித்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா, நாற்காலியை விட மனமில்லையா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

முதல் அலுவலாகத் தேதியை மாற்றும் திருத்தத்தை எடுத்தேன். உடனடியாக அமலுக்கு வருகிறது. ஒருவரும் எதிர்க்கவில்லை. ஆமோஸ்தான் முன்மொழிந்தான். பதினோரு நிமிடத்தில் முடிந்தது.

சட்டத்துக்கு ஹெர்ஷல் ராட்லிஃப் சட்டம் என்று பெயர் வைக்க எல்லோரும் விரும்புகிறார்கள். உன் சம்மதம் வேண்டும்.

கார்பெட்

*

ரென்ஸ் கிரீக்
9 ஜனவரி 1962

கார்பெட்,

பதினோரு நிமிஷம் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அவர் பெயர் வேண்டாம். உன் பெயரை வைத்துக்கொள்.

இனி எழுதாதே.

லோவினா

*

தலைநகர்
2 அக்டோபர் 1967

அக்கா,

ஐந்து வருடமும் ஒன்பது மாதமும் ஆகிறது. எழுதாதே என்றாய், எழுதவில்லை. இப்போது மீறுகிறேன்.

நவம்பர் தேர்தலில் நான் நிற்கவில்லை. இருபது வருடம் அந்த நாற்காலியில் இருந்துவிட்டேன், இந்த மாநிலத்தில் வேறு யாரும் அவ்வளவு காலம் இருந்ததில்லை. போன மாதம் நானூறு பேருக்கு விருந்து வைத்தார்கள். ஆற்றுப் பாலத்துக்கு என் பெயரை வைத்திருக்கிறார்கள். எண்ணெய் ஓவியம் ஒன்றை மாடிப்படியருகில் மாட்டினார்கள், அதில் நான் நிஜத்தைவிட உயரம். ஹேகன்தான் வாழ்த்துரை. என்னிடமிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டதாகச் சொன்னான். அது உண்மைதான்.

கடைசி இரண்டு தேர்தலிலும் மாவட்டம் முழுவதும் ஜெயித்தேன், ரென்ஸ் கிரீக் சாவடியில் மட்டும் தோற்றேன். முதல் தடவை நூற்றுப்பத்துக்கு ஒன்பது. நீ அவர்களிடம் சொல்லியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு ஓட்டுப் போட்ட அந்த ஒன்பது பேர் யாரென்று யோசித்ததுண்டு.

எனக்கு வயிற்றில் கட்டி. அறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தைத்துவிட்டார்கள். வசந்தகாலம்வரை என்கிறார் டாக்டர். அவர் நல்லவர், நாளைக் கூட்டித்தான் சொல்லியிருப்பார்.

எனக்கு மனைவி மக்கள் இல்லை என்பது உனக்குத் தெரியும். தலைநகரில் அரசாங்கக் கல்லறைத் தோட்டத்தில் ஆளுநர்களுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அங்கே கிடக்க விருப்பமில்லை. நம் மலைமேல் அப்பாவின் வரிசை நிரம்பிவிட்டது என்று கேள்விப்பட்டேன். மச்சானின் வரிசையில் இடமிருந்தால் என்னை அங்கே வைக்க விடுவாயா? கல்லில் பெயர் மட்டும் போதும். பதவி வேண்டாம்.

கார்பெட்

*

டேடன், ஒகையோ
16 அக்டோபர் 1967

கார்பெட்,

உன் கடிதம் இங்கே திருப்பி அனுப்பப்பட்டு வந்தது. மகள் நெட்டிக்கு மூன்றாவது குழந்தை பிறந்திருக்கிறது, ஜனவரி வரை இங்கேதான் இருப்பேன். இந்தத் தெருவில் பாதிப்பேர் நம் ஊர்க்காரர்கள். எல்லோரும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்கள். யாரும் திரும்பிப் போகப்போவதில்லை.

உடம்பு இப்படி ஆனதற்கு வருத்தப்படுகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு நெட்டியின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா செத்தபோது உனக்கு ஏழு வயது. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தாய். அதை நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைக்கவேண்டாம். மறக்க முடிந்திருந்தால் உன்னை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வா. அது அப்பாவின் வீடு, பாதி உன்னுடையது. சாவி போஸ்ட் ஆபீசில் இருக்கிறது. பின் அறையில் கட்டில் இருக்கிறது. கரி அடுப்பை ராத்திரி முழுக்கத் திறந்து வைக்காதே, புகை திரும்பும்.

மற்ற விஷயம் என் கையில் இல்லை. மேலே அந்த வரிசை பதினேழு பேருக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் என்று அந்த வருஷமே எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்தோம். ஹெர்ஷலுக்கு அடுத்த இடம் எனக்கு. அதற்கடுத்து ஒரு இடம் காலியாக இருக்கிறது. அதைத் தாண்டிக் கர்டிஸ் ஸ்பர்லாக் கிடக்கிறார். அந்தக் காலி இடம் அவர் மனைவி எட்னாவுடையது. அவள் பிள்ளைகள் கர்டிஸின் இன்னொரு பக்கத்திலேயே அம்மாவை வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். அதனால் அவள் விட்டுக்கொடுக்கலாம், விட்டுக்கொடுக்காமலும் இருக்கலாம்.

எட்னாவுக்குப் படிக்க வராது. நீ எனக்கு எழுதிய அந்த டிசம்பர் கடிதத்தை அவளுக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். மூன்று தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை "சாப்பிடப் போனோம்" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

அவளிடம் நீயே போய்க் கேள். யாரையும் தூது அனுப்பாதே, போதகரையும் கூட்டிக்கொண்டு போகாதே. இதில் ஓட்டு ஒன்றுதான், அது அவளுடையது.

லோவினா

*

ரென்ஸ் கிரீக்
11 நவம்பர் 1967

அன்புள்ள அக்காவுக்கு,

பேருந்தில் வந்து சேர்ந்தேன். சாவியைக் கொடுத்த போஸ்ட் மாஸ்டர் என்னோடு பேசவில்லை, ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடுவரை வந்தார். அடுப்பு நீ சொன்னபடி புகைகிறது.

முதல் வாரம் எட்னா வீட்டுப்பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை ஒன்பதாம் தேதி, சுரங்கம் வெடித்த நாள். அன்று மலைக்கு எல்லோரும் போய் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் கிளம்பிப் போனேன். கால் மைல்தான், மூன்று இடத்தில் நின்றேன்.

கதவைத் திறந்தவள் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். நான் முப்பது பவுண்டு இளைத்துவிட்டேன். பெயரைச் சொன்னேன். ஒதுங்கி வழிவிட்டாள். அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. உட்காரச் சொல்லிக் காப்பி ஊற்றினாள். அவளும் எதிரில் உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் போய்விட்டது. அக்கா, இதுவரை நான் யாரிடம் எதைக் கேட்கப் போனாலும் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்துகொண்டுதான் போவேன். இவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆகவே முதலில் நடந்ததைச் சொன்னேன். உனக்கு எழுதியதை என் வாயாலேயே, ஆமோஸ் அறைக்கு வந்ததிலிருந்து. ஒரு தடவை எழுந்து போய்ப் பீன்ஸைக் கிளறிவிட்டு வந்தாள். பிறகு இடத்தைக் கேட்டேன்.

அவள் மேசைத் துணியின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் மேல போறேன்" என்றாள். "அவருகிட்ட உக்காந்து வீட்டு விஷயமெல்லாம் சொல்லுவேன். பக்கத்துல நீ இருந்தா எனக்குப் பேச வராது, கார்பெட்டு. வேணாம்."

நான் சரி என்றேன்.

அவளுக்கு என்ன காரணம் சொன்னால் மனம் மாறும் என்று என் மூளை பழக்கத்தில் தேடத் தொடங்கியது. உன் பெயரைச் சொல்லலாம், நம் அப்பாவும் அவள் அப்பாவும் பழகியதைச் சொல்லலாம், என் உடம்பைச் சொல்லலாம். அரை நிமிடத்தில் நான்கு வழி தெரிந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. காப்பியைக் குடித்து முடித்தேன். நடந்து போக முடியுமா என்று கேட்டாள், முடியும் என்றேன். வாசல்வரை வந்து, நான் திருப்பம் தாண்டும்வரை நின்றுகொண்டிருந்தாள்.

தலைநகருக்கு இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். ஆளுநர்களுக்குப் பக்கத்தில் அந்த இடம் எனக்குச் சம்மதம் என்று. அதற்கு நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உனக்கு முடிந்தால் ஜனவரிக்கு முன் வா. பீன்ஸ் எப்படி வேகவைப்பது என்று மறந்துவிட்டேன்.

உன் தம்பி
கார்பெட்